மணல் பாதையில் ஒரு கோப்பை டீ

சிவப்பு மணலில் பின்சக்கரங்கள் பாதி புதைந்து எங்கள் வேன் நிற்கிறது. கட்டிலும் அடுப்புமாக நானும் அக்கா கிளெனிஸும் குடியிருக்கிற வண்டி. அக்கா மண்டியிட்டு, வால்வில் குச்சியை அழுத்தி டயர்க் காற்றைத் திறந்துவிடுகிறாள். வெட்டவெளியில் அந்தச் சீறல் மட்டும் கேட்கிறது. அவள் முதுகு வியர்வையில் ஈக்கள் அப்பிக் கிடக்கின்றன. எதிரே வந்து நின்ற ஜீப்பிலிருந்து பண்ணைக்காரர் ட்ரெவர் கயிற்றோடு இறங்குகிறார். "இழுத்து விடறேன், வந்த வழியே திரும்பிடுங்கம்மா. இந்த வயசுல இந்த ரோடு எதுக்கு? கடலோரமா நிறுத்திட்டு டீ குடிக்கலாமில்ல?" அக்கா நிமிரவில்லை. "டீயா? ஃபிளாஸ்க்ல இருக்கு தம்பி. ஊத்திக்கிட்டு வேடிக்கை பாரு." அவர் எங்கள் கோப்பையில் ஊற்றிக்கொள்கிறார். "வீட்டோட இருன்னு பிள்ளைங்க சொல்லலையா?" "சொன்னாங்க. அதான் கிளம்பினேன்." நான்கு டயர்களும் சப்பையாகி, மணலில் புதையாத அளவுக்குப் பரந்ததும் நாங்கள் ஏறிக்கொள்கிறோம். அக்கா மெதுவாக மிதிக்கிறாள். அலமாரியில் தட்டுகள் நடுங்குகின்றன. வேன் முனகி, உதறி, மணலைவிட்டு மேலேறுகிறது. ட்ரெவர் கையை வீசி, நாங்கள் வந்த திசையைக் காட்டுகிறார். அக்கா திரும்பவில்லை, மணலில் நின்றால் மறுபடி புதையும் என்பதால் நிற்கவுமில்லை. அவரைக் கடக்கையில் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துகிறாள், இந்தப் பக்கத்து ரோடுகளில் எதிர்ப்படுகிறவர்களுக்கு எல்லோரும் வைக்கிற வணக்கம். பின்னால் புழுதி எழும்பி அவரை மூடுகிறது. "அக்கா, நம்ம கோப்பை!" என்கிறேன். "அவனே வச்சிக்கட்டும். டீ குடிக்க ஆசைப்பட்டது அவன்தானே."