கீழே தள்ளிப் பாருங்க, பாப்பா

“இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ரூவா. உங்க பேர்ல இவ்வளவு நிக்கி, முத்துமாலை மாமா.”

இசக்கிப்ரியா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். காலை லாரி இறக்கி முடிந்திருந்தது. வாழை மண்டி வாசலில் சருகைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

முத்துமாலை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷம் வாழைத்தார் சுமந்த கழுத்து.

“வாசிச்சுக் காட்டட்டுமா? நீங்க கைநாட்டு. நாளைக்குப் பாப்பா ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது பாருங்க.”

“வாசிங்க பாப்பா.”

“கோயில் கொடைக்கு ஒம்பதாயிரம். மூட்டு வைத்தியத்துக்குப் பதினாலாயிரத்து நானூத்தி எழுபது. பேரன் காதுகுத்துக்கு ஐயாயிரத்து ஐநூறு. மூணு பதிவு.”

“நாலு. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்க, பாப்பா. பங்குனியில ரெண்டாயிரத்து ஐநூறு வாங்கியிருக்கேன்.”

அவள் விரலால் தள்ளினாள். இருந்தது. கடன் முப்பத்தோராயிரத்து நானூற்று எழுபது ஆனது.

“கடன்காரரே கடனைக் கூட்டிக் குடுக்காரு. இப்படி ஒரு ஆளைக் கோயம்புத்தூர்ல பாக்க முடியாதுப்பா” என்று சிரித்தாள்.

கல்லாவில் இருந்த அவள் அப்பா பாபநாசம் அண்ணாச்சி சிரிக்கவில்லை. லாரிச் சீட்டுகளை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

ரெண்டு வருஷம் முன்னால் வந்த வெள்ளத்தில் மண்டிக் கணக்கு நோட்டெல்லாம் கூழாகிப்போனது. வயசாகிவிட்டது என்று கணக்கப்பிள்ளையும் அதோடு நின்றுகொண்டார். அப்போது கோயம்புத்தூரில் வேலை பார்த்த இசக்கிப்ரியாதான் அப்பாவின் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். லாரிச் சீட்டு, எடைச் சீட்டு, விவசாயிக்குக் கொடுத்த பணம், வேலையாள் வாங்கிய கடன் எதுவானாலும் படம் பிடித்து, பேர் எழுதி ஏற்றிவிட வேண்டும். கிளவுடில் இருக்கும். ஆறே உள்ளே வந்தாலும் நனையாது. அங்கிருந்தே அவளும் பார்க்கலாம்.

ரெண்டு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் சீட்டு. ஒன்றில்கூடப் பேர் மாறவில்லை.

இப்போது வேலையை விட்டுவிட்டு, மண்டியைப் பார்க்க ஊரோடு வந்துவிட்டாள். வந்த பத்தாம் நாளான இன்று முத்துமாலையைக் கூப்பிட்டு விட்டிருந்தாள்.

“மாமா, நேராவே கேக்கேன். இப்ப நாளைக்கு எத்தனை தார் தூக்குதீங்க?”

“முட்டி மடங்க மாட்டேங்கு பாப்பா. அஞ்சாறு தூக்குவேன்.”

“மிச்ச நேரம்?”

“அண்ணாச்சி பக்கத்துல இருப்பேன்.”

“அதைத்தான் நானும் பாக்கேன். வெளிய வேலை கெடக்க, நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து அப்பா போனை எட்டி எட்டிப் பாக்கீங்க. லோடுமேனுக்கு ஆபீஸ் ரூம்ல என்ன வேலை?”

முத்துமாலை அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார்.

“ஒரு வேலையும் இல்ல பாப்பா.”

“அப்போ இந்த மாசத்தோட நின்னுக்கிடுங்க. கடனை மாசம் ரெண்டாயிரமா அடைச்சாப் போதும். வட்டி கிட்டி ஒண்ணும் கேக்கல.”

வேலை போனால் அந்த ரெண்டாயிரம் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்கவில்லை. “சரி பாப்பா. வீட்டுக்காரிக்குச் சுகர் மாத்திரை வாங்கணும். அதுக்கு மட்டும் ஒரு வழி பாக்கணும்” என்றார்.

“ஏ பிள்ள” என்று அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “அவன் பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறான். விடு.”

“எதுக்குப்பா? அறுபத்தேழு வயசுல ஒத்தை ஆளா நாலாயிரம் சீட்டு ஏத்தியிருக்கீங்க. ஆபீஸ்ல எத்தனை பேர்ட்ட காட்டிப் பெருமையடிச்சிருப்பேன் தெரியுமா. இவரு பக்கத்துல உக்காந்து என்ன பண்ணாரு? வெத்தல மடிச்சுக் குடுத்தாரா?”

“ஆமா பாப்பா, வெத்தலதான்” என்று முத்துமாலை முந்திக்கொண்டு சொன்னார்.

“ஆனா ஒண்ணுப்பா. நான் என்ன மெசேஜ் போட்டாலும் உங்ககிட்ட இருந்து வாய்ஸ்தான் வரும். வாழைத்தாருக்கு மட்டும் உக்காந்து டைப் அடிப்பீங்க. மகளைவிடத் தாரு ஒசத்தியாப் போச்சு.”

அதற்கும் அண்ணாச்சி சிரிக்கவில்லை.

முத்துமாலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வாரேன் அண்ணாச்சி.”

மண்டிக்கு மூன்றே படி. முட்டியைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கினார். இரண்டாவது படியில் குரல் வந்தது.

“ஏலே, நில்லு.”

அண்ணாச்சி தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். விரலை வைத்துத் திறந்து, முத்துமாலையிடம் நீட்டினார்.

“உன் கணக்கு முப்பத்தோராயிரத்து நானூத்தி எழுவதையும் தள்ளியாச்சுன்னு இதுல எழுதுலே.”

“அவரு கைநாட்டுப்பா” என்றாள் இசக்கிப்ரியா. “அவர்ட்டப் போயி எழுதச் சொல்லுதீங்க?”

முத்துமாலை கையை நீட்டவில்லை. “வேண்டாம் அண்ணாச்சி. பாப்பா நிக்கி.”

“நிக்கட்டும். தார்க் காம்புல மையால எழுதுத பேரப் பாத்துப் பாத்து எழுத்துக் கத்துக்கிட்டவன் நீ. நாலாயிரம் சீட்டையும் நீதான அடிச்ச? உன் கடனையும் நீதான எழுதி வச்ச? இதையும் நீயே எழுது.”

பிறகுதான் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்கப்பனுக்கு ஒத்த எழுத்துத் தெரியாது, தாயி.”