முத்தையன் வீசிய துண்டு

மே மாதத்து மத்தியானம். தலத்தெரு வீட்டில் அற்புதராஜ் வாத்தியார், மச்சான் பிரான்சிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் மிஷினை டிவியில் மாட்டி விளையாடிக்கொண்டிருக்கிறார். மிஷின் கொதிக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். வாசலில் முத்தையன் நிற்கிறார். மகளின் ஹாஸ்டல் விண்ணப்பத்தில் இன்றைக்குள் வாத்தியார் கையெழுத்து வேண்டும் என்று கோட்டுச்சேரியிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர். "ஸ்கூல் வேலை ஓடுது, கொஞ்சம் இருங்க" என்று அற்புதராஜ் திரும்பாமலே சொல்லிக் கால் மணி நேரமாகிறது. திரையில் ஓடிய வெள்ளைப் புள்ளி சட்டென்று நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் தீயும் வாடை எழுகிறது. "சூடாயிடுச்சுங்களா சார்?" முத்தையன் பதறி உள்ளே வந்து, தோள்துண்டை உதறி மிஷினுக்கு வீசுகிறார். வீசுகிற கையிலிருந்து வேர்வை சிமெண்டுத் தரையில் சொட்டுகிறது. தண்ணீர்ச் செம்போடு வந்த சலோமி, கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "அது வெளையாட்டுச் சாமான்ங்க" என்கிறாள். துண்டு ஒரு கணம் நிற்கிறது. "அதுக்கென்னங்க, சாருக்கும் லீவுதானே" என்று முத்தையன் தரையைப் பார்த்துச் சிரிக்கிறார். மறுபடி மெல்ல வீசுகிறார். "போதும், விடுங்க முத்தையன்." அற்புதராஜ் விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார். முத்தையனின் சட்டைப்பையில் வேர்வையில் நனைந்து வந்த தாளில் மை கசிகிறது. காயட்டும் என்று அதை ஃபேன் முன்னால் இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார். மை காய்ந்துவிட்டது. திரும்பினால் முத்தையனின் முகத்தைப் பார்க்க வேண்டும். தாளை இன்னும் பிடித்துக்கொண்டே நிற்கிறார்.