பக்கத்து அறைச் சாமியார்

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. பத்து வயதிலேயே நெல்மூட்டைக்கு முதுகு கொடுத்தவர் இன்னாசிமுத்து சாமியார். அங்கியைப் போட்ட பிறகும் அந்த வலி இறங்கவில்லை.

தியானம் என்பது சும்மா உட்கார்ந்து பழகியவர்களுக்கு.

கோட்டுச்சேரிமேட்டைத் தாண்டிக் கடலோரத்தில் தியான இல்லம். குருக்களின் வருடாந்தர மௌனத் தியானத்தில் அன்று சாயங்காலம் ஒப்புரவு. சாமியாருக்குச் சாமியாரே பாவம் கேட்க வேண்டும். சவுக்குத் தோப்பில் இரண்டிரண்டாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவரவருக்குப் பிடித்தவரிடம் போய் உட்காரலாம்.

பாவம் கேட்பவர் போடும் ஊதா ஸ்டோல் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இன்னாசியின் எதிரே வந்து உட்கார்ந்தவர் லியோன்.

இருபது வருடத் தியானத்தில் இப்படி நடந்ததில்லை. குருமடத்திலிருந்தே இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. பேசக் கூடாத சாப்பாட்டு மேசையில் வறுத்த வஞ்சிரத்தை ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் தட்டுக்குத் தள்ளுவார்கள். குறட்டை கேட்டால் சுவரைத் தட்டுவார்கள். பாவத்தை மட்டும் காது மந்தமான யாராவது ஒரு கிழட்டுச் சாமியாரிடம்தான் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். மறுநாள் காலையில் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“என்னடா, வேற சாமியாரே கெடைக்கலியா?”

“ஒனக்குத்தான் இடுப்பு வலி. எழுந்து ஓட மாட்டே.”

இன்னாசி சிரித்தார். லியோன் சிரிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார்.

“ஒங்கம்மா செத்தன்னைக்கு, கோயில் சாவி என் அங்கிப் பாக்கெட்லதாண்டா இருந்துச்சு.”

அம்மா செசிலியா இறந்தபோது இன்னாசி ரோமாபுரியில் படித்துக்கொண்டிருந்தார். உடனே வர வழியில்லை. பிறந்த ஊருக்கு லியோன்தான் பங்குச் சாமியார். அவன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று போனைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

காலனியிலிருந்து தூக்கி வந்த பெட்டி கோயிலின் பெரிய வாசலுக்கு முன்னால் வெயிலில் கிடந்தது. பெரிய தெருக்காரர்கள் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் அப்போது சொன்னார் லியோன். பூசை இல்லை. பெட்டி நேரே கல்லறைக்குப் போனது.

“சாவிய நாங்க தொடவே இல்ல சாமி” என்று பெரிய தெருக்காரர் ஒருவர் பிறகு வந்து சத்தியம் செய்தார். நாக்கு அழுகிப்போகும் என்று அவரைத் திட்டி விரட்டினார் இன்னாசி. பக்கத்தில் நின்ற லியோன் இவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த வருடம் அங்கியைக் கழற்றி எறிந்துவிடுகிற முடிவோடுதான் தியானத்துக்கு வந்தார். லியோன் மௌனத்தை உடைத்து அறைக்குள் வந்து, கட்டிலில் உட்கார்ந்து ஒன்று சொன்னார். அந்த ஒரு சொல்தான் இன்றுவரை இவரைப் பீடத்தில் நிறுத்தியிருக்கிறது.

“நீ போயிட்டா அவனுவ ஜெயிச்சிருவானுவடா.”

அந்த அவனுவளில் இவனும் ஒருவன்.

“அன்னைக்குத் திருவிழாவுக்குக் கொடி ஏத்தியாச்சு. காலனிப் பொணம் பெரிய வாசல்ல நொழஞ்சா தேரு ஓடாதுன்னானுவ. ஆயர் வேற வர்றாரு. பயந்துட்டேண்டா. நானே பூட்டிட்டேன்.”

இன்னாசியின் விரல்கள் மடங்கின. மூட்டை தூக்கிய கை. ஓங்கி ஒன்று விட்டால் நாற்காலியோடு சாய்வான்.

அடுத்தது மெல்ல உறைத்தது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே பேசக் கூடாது. ஊரில் சொல்ல முடியாது. ஆயரிடம் சொல்ல முடியாது. விரட்டியடித்த அந்தப் பெரிய தெருக்காரரிடம் போய், சாவி விஷயத்தில் நீ சொன்னது நிஜம்தான் என்று சொல்ல முடியாது. நாளைக் காலை காபி குடிக்கும்போது, லியோனாகப் பேச்சை எடுக்காதவரை, ஏண்டா செய்தாய் என்று அவனிடமே கேட்க முடியாது.

கடற்கரையில் நடக்கும்போது சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். இவர் கழுத்தில் ஸ்டோல் விழும்வரை காத்திருந்திருக்கிறான்.

மனம் வருந்தி வந்தவனைப் போடா என்று சொல்லச் சாமியாருக்கு உரிமையில்லை. லியோன் அழுதான். மூக்கு ஒழுக அழுதான். அது நடிப்பில்லை என்பதில்தான் இன்னாசிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

வலது கையைத் தூக்கினார். தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உம் பாவங்களை நான் மன்னிக்கிறேன் என்றார்.

அதில் வருகிற ‘நான்’ கடவுள். செசிலியாவின் மகன் இல்லை. செசிலியாவின் மகனிடம் லியோன் எதையும் கேட்கவே இல்லை.

லியோன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பாரம் இறங்கிய முகம்.

“பரிகாரம் சொல்லலியேடா?”

சாமியார்களுக்குள் அது பெரும்பாலும் ஒரே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’தான். சொல்லியிருந்தால் தோப்பைத் தாண்டுவதற்குள் முடித்திருப்பான்.

“நீங்க போங்க ஃபாதர்.”

அறை வாங்கியவன் மாதிரி நிமிர்ந்தான் லியோன். இவர்களுக்குள் இத்தனை வருடத்தில் அந்த ‘ங்க’ வந்ததே இல்லை. நின்றான். ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் அடுத்த சாமியார் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பரிகாரம் பாக்கி. பெரிய வாசலைத் திறந்து, கோயிலுக்குள் செசிலியாவுக்கு வைக்க வேண்டிய பூசை பாக்கி.