புத்தகத்தில் இல்லாத வரி

"சார், இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. கடைசி வரிசைக்கு ஒண்ணுமே கேட்கல!"

கதை மாமா மைக்கை உதட்டருகே இழுத்து, "மன்னிச்சுக்குங்க" என்றார். அதுவும் கேட்கவில்லை. அரங்கம் சிரித்தது.

முயலுக்கும் யானைக்கும் நிலாவுக்கும் குரல் கொடுத்தே காதோரம் நரைத்துப்போனவர் அவர். குழந்தைக் கதைகளைப் படித்துப் பதிவு செய்வதுதான் பிழைப்பு. கதை மாமா என்றால்தான் ஊருக்கே தெரியும். சொந்தப் பெயரெல்லாம் மின்கட்டண ரசீதோடு சரி.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் பெரியவர்களுக்கான நாவல் ஒன்றை ஒலிப்புத்தகமாகப் படித்துத் தொலைத்தார். பெண்டாட்டி பிள்ளைகளை ஆட்டிப்படைக்கும் ஒரு தகப்பன், அவன் செருப்புச் சத்தத்துக்கே நடுங்கும் ஒரு வீடு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே இருட்டு. கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நின்றார்கள்.

இன்றைய வாசகர் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான், இரண்டாம் பாகத்தையும் இவரிடமே கொடுப்பதா வேண்டாமா என்று பதிப்பாளர் முடிவு செய்யப்போகிறார். அந்த அம்மாள் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "புத்தகமாப் படிச்சப்பவே எனக்குப் பிடிக்கல. குடும்பம்னா ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் நடுத்தெருவுல கொண்டுவந்து கொட்டணுமா? போதாக்குறைக்கு இவர் குரல் வேற! எந்த அப்பன் சார் பெத்த பிள்ளைகிட்ட இப்படிப் பேசுவான்? ஓவரா நடிச்சுட்டீங்க."

பாதி அரங்கம் கைதட்டியது. கதை மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க வீட்ல இல்லைன்னா உலகத்துலயே இல்லைன்னு ஆயிடுமா?" என்று கணக்கு டீச்சர் பாய்ந்தார். அவர் மடியில் நாவல் விரிந்து கிடந்தது. "என் வகுப்புக்கு ஒரு நாள் வந்து சில பிள்ளைங்க முகத்தைப் பாருங்க, தெரியும். அந்தக் குளியலறைக் கட்டத்தைக் கேட்டுட்டு எனக்குச் சோறே இறங்கல!"

மறுபாதி கைதட்டியது. டீச்சர் அதோடு விடவில்லை.

"சார், உங்களை ஒண்ணு கேட்கணும். நான் புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டேதான் கேட்டேன். 'மூணு எண்ணுறதுக்குள்ள அழுகை நிக்கணும்'னு அந்த அப்பன் சொல்றானே, அந்த வரி புத்தகத்துல இல்லையே?"

கதை மாமாவுக்குக் குப்பென்று வியர்த்தது. "படிக்கிற வேகத்துல... தானா வந்துடுச்சும்மா."

"அந்த வரியிலதான் எனக்கு உயிரே போச்சு. இவ்வளவு சாதுவான மனுஷன், எங்கேருந்து சார் பிடிச்சீங்க அந்தக் குரலை?"

அரங்கம் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். இனித் துடைக்க ஒன்றும் இல்லாமல் மடித்து வைத்தார்.

"எங்கப்பா குரல்" என்றார் மெதுவாக. "சின்ன வயசுல கேட்டது."

இந்தத் தடவை கடைசி வரிசைக்கும் கேட்டது. மருந்துக்கடைக்காரர் மேடையேறி வந்து அவர் தோளைத் தொட்டார். "தெரியாமப் பேசிட்டேன் சார், மனசுல வெச்சுக்காதீங்க." பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் பாகம் யாருக்கு என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

கதை மாமாவுக்கோ உடம்பெல்லாம் கூசியது. நிமிர்ந்து ஒருத்தர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. செத்துப்போன மனுஷனைச் சபையில் இழுத்துவிட்டோமே என்ற வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"அந்தக் குளியலறைக் கட்டத்தை எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை கேட்டுடலாமே" என்றார் பதிப்பாளர்.

"வேண்டாம்மா!" கதை மாமா பதறிப்போனார். "சம்சாரம் பொண்ணைக் கூட்டிட்டு இங்க வர்ற நேரம்."

"அடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கு சார். அவங்களும்தான் கேட்டுப் பெருமைப்படட்டுமே!" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் ஒலிபெருக்கிக்காரருக்குக் கை காட்டிவிட்டார்.

பெட்டி கரகரத்தது. பிறகு அந்தக் குரல் எழுந்தது. முதலில் அடித்தொண்டையில், அவசரமே இல்லாமல். மருந்துக்கடைக்காரர் தன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. கதை மாமாவின் மனைவி உள்ளே வந்தார். அவர் கையைப் பிடித்தபடி, பள்ளிச் சீருடை கலையாமல், மகள். மேடையில் மைக்குக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள்.

"சத்தம் வெளியில கேட்டுது, தொலைச்சுடுவேன்" என்றது குரல். "மூணு எண்ணுறதுக்குள்ள அழுகை நிக்கணும். ஒண்ணு..."

மகளின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் விழுந்து நாற்காலிகளுக்கு இடையே உருண்டது. கதை மாமா பாதி எழுந்து, அப்படியே நின்றுவிட்டார்.

"ரெண்டு..."

மனைவி மகளின் வாயைப் பொத்தக் கை நீட்டுவதற்குள், அந்தப் பிஞ்சுக் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"நான் அழலப்பா! பாருங்க... நான் அழவே இல்ல!"