பெயரில்லாத குப்பி

காலை வெயில் ரத்தம் எடுக்கும் மேசைவரை வந்து நிற்கிறது. பஸ் டிரைவர் கையை நீட்டிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்க்கிறார். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டுக் குனிந்து வேலை செய்பவள் அவர் மகள். வீம்பு பிடித்து அவள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டார். பேச்சு நின்று நாலு வருடம். அவள் வேலை செய்யும் இந்தச் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க அவர் சேர்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. குப்பியில் பெயர் இல்லை, எண்தான். "இன்சுலின் சொல்றத உடம்பு காதுல வாங்கலைன்னா, உள்ளுக்குள்ள லேசா அழற்சி இருந்துட்டே இருக்கும் ஐயா. நோய் எதிர்ப்புச் செல்லுங்க 'ஆபத்து, ஆபத்து'ன்னு தகவல் அனுப்பிட்டே இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. அந்தத் தகவலத்தான் உள்ள இருக்கறவங்க அளக்கறாங்க," என்கிறாள் நர்ஸ். "அளந்தா யாரோடதுன்னு தெரியுமாம்மா?" "தெரியாது. நீங்க ரத்தம் குடுக்க வர்றது இன்னைக்கோட முடிஞ்சுது." ரத்தம் நிறைந்த குப்பி தடுப்புக்கு உள்ளே போகிறது. மகள் தலை நிமிராமல் அதை வாங்கி, எண்ணைப் படித்து, ரத்தம் உறையாதபடி மெல்லச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்துகிறாள். இளஞ்சூடு கையுறையைத் தாண்டித் தெரிகிறதோ என்னவோ, ஒரு நொடி உள்ளங்கையிலேயே வைத்திருக்கிறாள். நர்ஸ் பஞ்சை விலக்கிப் பார்க்கிறாள். "ரத்தம் நின்னுடுச்சு, எழுந்திருக்கலாம்." டிரைவர் பஞ்சை மறுபடி அழுத்திக்கொள்கிறார். "இல்லம்மா, இன்னும் கசியற மாதிரி இருக்கு."