பதினொன்றில் ஒரு பொட்டு

"யூனுஸ் பாய், இந்தப் பொண்ணை இன்னைக்கே அனுப்பிடறீங்களா, இல்லை ஏஜென்சியை வேற கடைக்கு மாத்தட்டுமா?"

கெல்டா செல்போன் கம்பெனியின் மேனேஜர் ஆல்வின், சென்னையிலிருந்து வந்த வேகத்தில் உட்காரக்கூட இல்லை. கையில் ஒன்பது புகார்க் கடிதங்கள்.

யூனுஸ், கவுன்ட்டரில் போன் எடுத்துப் பேசும் கயல்விழியைத் திரும்பிப் பார்த்தார். ஒப்பணக்காரத் தெருவில் அப்பா வைத்த கடிகாரக் கடையை, செல்போன் ஊருக்கு வந்த புதிதிலேயே, தெருவே சிரிக்க, செல்போன் கடையாக மாற்றி ஒரு வருஷம்தான் ஆகிறது.

"அப்படி என்னங்க சார் பண்ணுச்சு?"

"படிக்கிறேன், கேளுங்க. 'பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிடுகிறாள். நாற்பது வருஷமாக வியாபாரம் செய்கிறேன். என்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை.' உக்கடம் மண்டி, வெங்காய வியாபாரி நஞ்சப்பன். மீதி எட்டும் இதே பாட்டுதான்."

கோயம்புத்தூர்க்காரர்களிடம் போனை முதலில் வைப்பது பெரிய குற்றம். "வெச்சரட்டுங்களா?" "வைங்க." "இல்லீங்க, நீங்க வைங்க." "அட, நீங்க மொதல்ல வைங்க." இப்படி இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து, நடுவில் மழை, மாடு, மருமகள் எல்லாம் வந்து போன பிறகுதான் போன் கீழே இறங்கும்.

ஆல்வின் கவுன்ட்டர் பக்கம் திரும்பினார். "நேத்து நானே கஸ்டமர் மாதிரி என் செல்லிலிருந்து கூப்பிட்டேன். பேட்டரியைப் பத்திச் சொல்லி முடிச்சே. தேங்க்ஸ்னு வாயைத் திறக்கிறேன், டொக்! வேணும்னேதான் வெச்சியா?"

"ஆமாங்க சார்" என்றாள் கயல்விழி.

யூனுஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். பொய் சொல்லியாவது தப்பிக்கத் தெரியாத பெண்.

"கம்பெனியே தள்ளாடிட்டிருக்கு. பத்து செட்டு வித்தா, மாச பில்லைப் பார்த்து மிரண்டு மூணு செட்டைத் திருப்பிக் கொண்டுவந்துடறாங்க. இதுல உன் திமிர் வேற!"

அந்த நேரம் பார்த்து வெள்ளை வேட்டியுடன் படியேறி வந்தார் நஞ்சப்பன்.

ஆல்வின் ஓடிப்போய்க் கைகூப்பினார். "ஐயா, உங்க லெட்டர் கிடைச்சுது. நடவடிக்கை எடுத்துட்டோம். செட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தீங்களா?"

"திருப்பிக் குடுக்கறதுங்களா? இன்னும் மூணு வேணுங்க. பசங்க ரண்டு பேத்துக்கு, மாப்பிளைக்கு ஒண்ணு."

"இந்தக் கடையிலேயா?"

"ஏனுங்க, மருவாதி தெரியாதது இந்தப் புள்ள. செட்டு என்ன பண்ணுச்சுங்க? எங்க மச்சான் திருப்பூர்ல வாங்குனாரு. பில்லப் பாத்ததும் பயந்து திருப்பிக் குடுத்துபோட்டாரு. எனக்கு அதுல பாதிகூட வாரதில்லீங்க."

"எப்படி?"

"இந்தப் புள்ள எப்ப வெச்சுப்போடுமோன்னு பயந்து, எடுத்த எடுப்புல விசயத்தச் சொல்லிப் பழகிபோட்டேன். இப்ப மண்டியில, ஊட்ல, எல்லாருகிட்டயும் அதே பழக்கந்தானுங்க."

ஆல்வின் பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்தார். ஈரோடு, சேலம், திருப்பூர், பொள்ளாச்சி என்று விரல் இறங்கியது. எல்லாக் கடைக்கும் செட்டுகள் திரும்பி வந்திருந்தன. ஒரே ஒரு கடைக்கு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அது யூனுஸ் கடை.

அப்போது கவுன்ட்டர் போன் அடித்தது. கயல்விழி எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சில மணிகள் அடிக்கவிட்டு எடுத்தாள்.

"வணக்கங்க... நட்சத்திரக் குறிய அமுக்கிப் பிடிங்க, லாக் எடுத்துக்கும்... ஆமாங்க, அவ்வளவுதானுங்க..."

பேசும்போது அவள் கண் எதிர்ச் சுவரிலேயே இருந்தது. அங்கே பழைய கடையின் கடிகாரம் ஒன்று. அதில் பதினொன்றின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. விநாடி முள் பொட்டைத் தொட்டது.

டொக்.

ஆல்வின் இந்த முறை கத்தவில்லை. "அது என்னம்மா பொட்டு?"

"அம்பத்தஞ்சாவது செகண்டுங்க சார். முள்ளு பன்னண்டுக்கு வந்ததுந்தான் போன எடுப்பேனுங்க. செல்லுல கூப்பிட்டாலும் காசு, வந்தத எடுத்தாலும் காசு. அறுவதத் தாண்டி ஒரு செகண்டு ஆனாக்கூட அடுத்த நிமிசத்துக்கும் முழுக் காசுங்க. எங்கம்மா பாதி நாள் களை வெட்டுனாத்தான் அந்தக் காசு கெடைக்கும். அது சும்மா போறத என்னால பாத்துட்டு இருக்க முடியலீங்க."

"அதைச் சொல்லிட்டு வெச்சிருக்கலாமே?"

"மொதல்ல ஒருத்தருகிட்டச் சொன்னேங்க. 'காசு பாக்கற ஆளா நானு?'ன்னு ரோசப்பட்டு, வேணும்னே அரை மணி நேரம் பேசுனாருங்க. அதுக்குப் பதிலா, மருவாதி தெரியாதவளுன்னு என்னையே திட்டிட்டுப் போகட்டும்னு வுட்டுட்டேன்."

"யார் அந்த ஆளு?"

கயல்விழி பில் புத்தகத்தைப் புரட்டினாள். நஞ்சப்பன்தான் இருமிவிட்டு, வேட்டி நுனியை ரொம்ப அக்கறையாகச் சரிசெய்தார்.

ஆல்வின் ஒன்பது கடிதங்களையும் மடித்துப் பையில் வைத்தார். "இதை ஹெட் ஆபீஸில் காட்டணும். பொட்டைப் பத்தியும் சொல்லணும்."

அடுத்த வருஷம் வந்த கெல்டாவின் புது செட்டில், ஐம்பத்தைந்தாவது விநாடியில் 'டிங்' என்று ஒரு மணி அடித்தது. முழுகப்போகிறது என்று எல்லோரும் கைகழுவிய கம்பெனி, அந்த ஒற்றை மணியால் கோயம்புத்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை விற்றுத் தள்ளியது. சிரித்த தெரு யூனுஸ் கடை வாசலில் வரிசையில் நின்றது. நான்கு மாவட்டக் கடைக்காரர்களுக்கு எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரும் அதிகாரியாகக் கயல்விழி, கணபதி பகுதியிலுள்ள கெல்டா ஆபீஸில் தனி அறையில் உட்கார்ந்தாள். சுவரில் அதே கடிகாரம், அதே பொட்டு.

முதல் நாளே அவளுடைய புது செல்லுக்குப் போன் வந்தது.

"அம்மணி, நஞ்சப்பன் பேசறேன். அன்னைக்குக் கடுதாசி எழுதுனது தப்புதான் கண்ணு. மனசுல வெச்சுக்காத. நீ நல்லாருக்கோணும்."

கயல்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்க்க மறந்து, மழை, மாடு, அம்மா என்று பேசிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள்.

"வெச்சரட்டுங்களா, ஐயா?"

டிங்.

பட்டென்று வைத்துவிட்டார் நஞ்சப்பன்.