முதல் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு சண்டை

"வேற ஆளைப் பாருங்க சிஸ்டர். எனக்கு ஊசி வேண்டாம்."

டேவிட்ராஜ் பரிசலைத் தலைமேல் கவிழ்த்தபடி நடந்து வந்தான். குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

"முதல்ல அதை இறக்கி வைங்கண்ணா. யார்கிட்ட பேசறேன்னே தெரியல" என்றாள் கிராம செவிலியர் எழிலரசி.

இறக்கினான்.

ஒகேனக்கல்லுக்கு இன்னும் முதல் பஸ் வரவில்லை. எழிலரசி தடுப்பூசிப் பெட்டியை மீன் வறுவல் கடைப் பலகையில் வைத்தாள். கடை, டேவிட்ராஜின் மனைவி இசபெல்லாவுடையது.

"சும்மாதானேண்ணா போடறோம், போட்டுக்கிட்டா என்ன?"

"சும்மா குடுக்கறதை நான் என்னிக்கும் நம்பினதில்லைங்க. இதோ நிக்கறா பாருங்க எம் பொண்டாட்டி. கோடையில கொரோனா வந்துச்சு. படுத்தா, எழுந்தா, கடையைத் தொறந்துட்டா. உடம்பே சண்டை போட்டுக் கத்துக்கிச்சு! ஊசியில வர்றது டியூஷன் வெச்சுப் பாஸான மாதிரி. இது ஒரிஜினல் சரக்கு. எனக்கும் வரட்டும், பார்த்துக்கறேன்."

இசபெல்லா மீனுக்கு மசாலா கலக்கிக்கொண்டே சிரித்தாள்.

"வந்து போனா எதிர்ப்பு சக்தி வரும்தான், நான் இல்லைங்கல. அவங்களும் ஊசி போட்டுக்கிட்டா இன்னும் கெட்டி. ஆனா நோய் என்ன விலை கேக்கும்னு முன்கூட்டி யாருக்கும் தெரியாது. ரேட்டு பேசாம யாரையாவது பரிசல்ல ஏத்துவீங்களா? ஊசின்னா பேசி வெச்ச ரேட்டு. பெரும்பாலும் கைவலி, கொஞ்சம் காய்ச்சல், அவ்வளவுதான். நோய்கிட்ட பேரம் பேச முடியுமா?"

"என்ன விலை கேட்டுடுச்சு எங்க வூட்டுல? ஒண்ணும் கேக்கல!"

அப்போதுதான் பக்கத்து வறுவல் கடை சுகுணா வந்தாள். நேரே இசபெல்லாவின் மீன் கூடைக்குள் கையை விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, செவுளைத் தூக்கி மோந்தாள்.

"கருமம்! இதைப் பொரிச்சுப் போட்டா மனுஷன் தின்னுவானா?" ஒரு கெளுத்தியை எடுத்து நாய்க்கு வீசினாள். "நேத்து மீனை இன்னிக்கு மீனோட கலந்து தள்ளிட்டான் மீன்காரன். வாங்கிட்டு வந்திருக்கா பாரு மகராசி!"

மசாலாச் சட்டியையும் விடவில்லை.

"புளிச்சுப் போச்சு. கொட்டு!"

இசபெல்லா மறுபேச்சு இல்லாமல் கொட்டினாள்.

எழிலரசிக்கே பொறுக்கவில்லை. "அவங்க கடை, அவங்க மீனு. உங்களுக்கு என்னங்க வந்துச்சு?"

"நல்லாக் கேளுங்க சிஸ்டர்!" டேவிட்ராஜ் எகிறினான். "தினமும் இதே ரோதனை. எங்க கடையில கூட்டம், இவ கடையில ஈ. வயித்தெரிச்சல்! இன்னிக்கு விடப் போறதில்ல. கடைக்காரங்க சங்கத் தலைவர் டீக்கடையிலதான் இருக்காரு. ஆத்தோரத்துல இவளுக்குக் கடையே இருக்கக் கூடாது. கண்ணால பார்த்ததை நீங்களும் வந்து சொல்லுங்க."

"சொல்றேன், வாங்க."

சுகுணாவின் முகம் செத்துப் போனது. புருஷன் இல்லாத வீடு. பிள்ளைகளுக்குச் சோறு அந்தக் கடையில்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இசபெல்லாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"போய்ச் சொல்லிக்க. எனக்கென்ன பயமா?" என்றாள்.

டேவிட்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"ஏங்க, நில்லுங்க."

இசபெல்லா கையைக்கூடக் கழுவாமல் குறுக்கே வந்து நின்றாள்.

"அவ கடை போனா நம்ம கடையும் போச்சுங்க."

"என்னடி உளர்ற?"

"காய்ச்சல் போச்சு. அதோட போன மூக்கு திரும்பி வரல. மீன் நாறினாலும் எனக்குத் தெரியாது, மசாலா புளிச்சாலும் தெரியாது. போன வாரம் பால் தீய்ஞ்சு வூடே நாறுதுன்னு கத்தினீங்களே... நான் அடுப்புகிட்டயேதான் உட்கார்ந்திருந்தேன்."

சட்டைப் பொத்தானில் இருந்த டேவிட்ராஜின் கை அப்படியே நின்றது.

"அவகிட்ட மட்டும்தான் சொல்லி அழுதேன். வாசம் தெரியாதவ கையால யாருங்க மீன் வாங்கித் திம்பாங்க? அதான் தினமும் பஸ் வர்றதுக்கு முன்னாடி வந்து, எனக்காக மோந்து பார்த்துட்டுப் போறா. சும்மா வந்து மோந்தா நீங்க ஏன்னு கேப்பீங்களாம். அதுக்குத்தான் இந்தக் கத்தல், சண்டை எல்லாம்."

எழிலரசி பெட்டிக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "பெரியாஸ்பத்திரிக்கு வாங்கக்கா. நிறைய பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வருது. நான் கூட வர்றேன்."

டேவிட்ராஜ் சுகுணாவின் பக்கம் திரும்பினான். கை கூப்புவதா, வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"சுகுணா... நான் உன்னைப் போயி..."

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. சுகுணா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு சீறினாள்:

"என்னண்ணா மரம் மாதிரி நிக்கற? சட்டுனு அந்த ஊசியைப் போட்டுக்க. உனக்கும் போச்சுன்னா ஒரே வூட்டுல ரெண்டு பேருக்கு மோந்து பார்த்துக்கிட்டிருக்க என்னால ஆகாது!"